அம்மாவின் போன் ஏன் அடிக்கவில்லை? போனும் லப்டொப்பும் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு

போன ஆவணியில், நல்லூர்த் தேர் முடிந்து இரண்டு மூன்று நாள் இருக்கும், ரொறொன்ரோவில் இருந்து அக்கா எனக்கு எடுத்துக் குறைப்பட்டார். "நாலு நாளா அம்மாவுக்கு எடுக்கிறன். ஒருத்தரும் தூக்கினமில்லை. அங்கை என்னடா நடக்குது?" கொக்குவிலில் அம்மாவின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், அவர் விறாந்தைக் கதிரையில் போனை மடியிலேயே வைத்துக்கொண்டு இருக்கிறார். "அவளுக்கு இப்ப எங்களோட கதைக்க எங்க தம்பி நேரம்" என்கிறார். இரண்டு பேரும் மாறி மாறிக் கோபித்துக்கொண்டிருந்த அந்த நாலு நாளும் போன் மடியில் நல்ல நித்திரை.

காரணம் சின்னது. அது புதுப் போன். ரவுணில் வாங்கிய கடையில் நின்ற பெடியன், "அம்மா, பற்றரி ரெண்டு நாள் நிக்கிற மாதிரிச் செய்து தாறன்" என்று நல்லெண்ணத்தில் சேமிப்பு வசதிகள் எல்லாவற்றையும் உச்சத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறான். பற்றரி உண்மையாகவே இரண்டு நாள் நின்றது. நான் வட்ஸ்அப்பைத் திறந்ததும் தவறிய அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.

அதன் பிறகு சொந்தத்திலும் அயலிலும் யார் புதிதாக ஏதும் வாங்கினாலும் என்னிடம் கொண்டுவருகிறார்கள். நான் கணினி படித்தவன் இல்லை. செற்றிங்ஸுக்குள் போகப் பயப்படாதவன், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் இருந்து அவர்களுக்கு என்ன செய்து கொடுக்கிறேனோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒவ்வொரு இடத்திலும் நான் கேட்பது ஒரே கேள்வி: இதில் எது விழித்திருக்க வேண்டும், எது தூங்கினால் பரவாயில்லை?

தொடங்க முன்

போனைப் பாதிக்கு மேல் சார்ஜ் செய்துகொள்ளுங்கள். பற்சக்கரப் படம் போட்ட செற்றிங்ஸைத் திறந்தால் மேலே ஒரு பூதக்கண்ணாடி தெரியும். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் அதை மறக்க வேண்டாம். ஒரே வசதிக்கு ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு பெயர் வைக்கிறது, ஒவ்வொரு அடுக்குக்குள் ஒளிக்கிறது, புதுப் பதிப்பு வந்ததும் இடத்தை மாற்றிவிடுகிறது. நான் "செற்றிங்ஸில் பற்றரி" என்று எழுதுவது உங்கள் போனில் இன்னொன்றுக்குள் கிடக்கலாம். பூதக்கண்ணாடியைத் தட்டி, போன் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில் சொல்லை அடித்தால், அது கிடக்கிற இடத்துக்கே கூட்டிக்கொண்டு போகும்.

எதையும் மாற்ற முன் அந்தத் திரையை ஒரு ஸ்கிரீன்ஷொட், அதாவது திரையில் தெரிவதன் படம், எடுத்து வையுங்கள். பெரும்பாலான அண்ட்ரொயிட் போன்களில் பவர் பொத்தானையும் சத்தம் குறைக்கும் பொத்தானையும் ஒன்றாக அமத்தினால் போதும். பிறகு ஏதும் குழம்பினால் பழையபடி எப்படி இருந்தது என்று பார்த்து மாற்றலாம். நான் இதைப் பழகியது ஒரு மாமியின் போனில் மணிச்சத்தத்தைத் தொலைத்து அரை நாள் தேடிய பிறகு.

முதலில் கண்ணுக்கு

பற்றரியைத் தின்பதில் பெரும்பாலும் முதலிடம் திரைக்குத்தான். அதனால் திரையைச் சரிசெய்தால் கண்ணுக்கும் பற்றரிக்கும் சேர்த்து வேலை முடிகிறது.

திரையின் மேல் விளிம்பில் இருந்து விரலை இரண்டு தரம் கீழே இழுத்தால் வெளிச்சக் கோடு வரும். திருநெல்வேலிச் சந்தையில் உச்சி வெயிலில் நின்று படம் பார்க்க அதை முழுதாக ஏற்றியிருப்போம். பிறகு வீட்டுக்குள் வந்தும் அப்படியே விட்டிருப்போம். செற்றிங்ஸில் டிஸ்பிளேக்குள் அடப்ரிவ் பிரைட்னஸ் என்பதைப் போட்டுவிட்டால், வெளியே கூட்டுவதும் உள்ளே குறைப்பதும் போனின் வேலை. தொடக்கத்தில் இரண்டொரு நாள் உங்கள் விருப்பத்துக்குக் கோட்டை இழுத்துத் திருத்துங்கள். அது பார்த்துப் பழகும்.

அடுத்தது திரை தானாக அணையும் நேரம். இதுவும் டிஸ்பிளேக்குள், ஸ்கிரீன் ரைம்அவுட் என்று இருக்கும். பற்றரி பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் 30 விநாடி என்கிறார்கள். எனக்கும் உங்களுக்கும் அது சரி. வயதானவர்களுக்குச் சரிவராது. "தம்பி, நான் வாசிச்சு முடிக்க முன்னம் இது இருண்டு போகுது, பழுதோ?" என்று அம்மா கேட்டது பழுதைப் பற்றி இல்லை, இந்த 30 விநாடியைப் பற்றித்தான். அவருக்கு 2 நிமிடம் வைத்தேன். அதில் போகிற பற்றரி போகட்டும்.

எழுத்தின் அளவுக்கு டிஸ்பிளேக்குள் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று எழுத்தை மட்டும் பெரிதாக்கும், மற்றது படங்கள், பொத்தான்கள் எல்லாவற்றையும். முதல் கோட்டை ஒரு படி ஏற்றி, வட்ஸ்அப்பைத் திறந்து பார்த்து, போதாவிட்டால் இன்னொரு படி. இரண்டையும் ஒரேயடியாகக் கடைசிக்கு இழுத்தால் சில செயலிகளில் பொத்தான்கள் திரைக்கு வெளியே போய்விடும். தமிழ் எழுத்துக்குச் சுழியும் கொம்பும் இருப்பதால் ஆங்கிலத்தைவிட ஒரு படி கூடத் தேவைப்படும். தடித்த எழுத்துக்கான தெரிவு இருந்தால் அதையும் போடுங்கள்.

கறுப்புப் பின்னணி, அதாவது டார்க் தீம், அண்ட்ரொயிட் 10 பதிப்பில் இருந்து, 2019 முதல், போன் முழுவதற்கும் உண்டு. அது பற்றரியை மிச்சம் பிடிக்குமா என்றால், உங்கள் திரை எந்த வகை என்பதைப் பொறுத்தது. ஓஎல்ஈடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானாக ஒளிர்கிறது, கறுப்புப் புள்ளி அணைந்தே இருக்கும். விலை குறைந்த போன்களில் வரும் எல்சிடி திரைக்குப் பின்னால் எப்போதும் ஒரு விளக்கு எரிவதால், கறுப்பானாலும் வெள்ளையானாலும் செலவு ஏறத்தாழ ஒன்றுதான். ஓஎல்ஈடியிலும் கனவு காண வேண்டாம். அமெரிக்காவின் பேர்டூ பல்கலைக்கழகத்தில் 2021இல் அளந்து பார்த்தபோது, வெளிச்சம் முழுதாக இருந்தால் சராசரியாக 39 முதல் 47 வீதம் வரை மிச்சம், சாதாரணமாக நாங்கள் வைக்கிற 30 முதல் 50 வீத வெளிச்சத்தில் வெறும் 3 முதல் 9 வீதம். அம்மாவுக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து கலங்கித் தெரிகிறது என்றார், எடுத்துவிட்டேன்.

நித்திரைக்கு அனுப்பக் கூடாதவை

இப்போது அம்மாவின் மடியில் நடந்தது என்ன என்று பார்ப்போம். திரை அணைந்து, போன் அசையாமல் கிடந்தால், உள்ளே இருக்கிற செயலிகளை அண்ட்ரொயிட் தூங்க வைத்து, இடைக்கிடை மட்டும் எழுப்பும். 2015இல் வந்த 6ஆம் பதிப்பில் இருந்து இந்த ஏற்பாடு உண்டு. 2018இல் 9ஆம் பதிப்போடு அடப்ரிவ் பற்றரி வந்தது. நீங்கள் எந்தச் செயலியை அடிக்கடி திறக்கிறீர்கள், எதை எப்போதாவது திறக்கிறீர்கள் என்று அது கவனித்து, எப்போதாவது திறப்பவற்றை இறுக்கிப் பிடிக்கும்.

நல்ல ஏற்பாடுதான், ஆனால் எங்கள் ஊர்த் தாய்மாரைப் பற்றி அதற்குத் தெரியாது. அம்மா தானாக வட்ஸ்அப்பைத் திறப்பதே இல்லை. பிள்ளை எடுத்தால் பச்சைப் பொத்தானை இழுத்துக் கதைப்பார், முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைப்பார். போனின் கணக்கில் அவர் வட்ஸ்அப்பைப் பாவிக்காத ஆள். கடையில் போட்ட உச்சச் சேமிப்பும் சேர்ந்ததும், போன் அதை ஒரேயடியாக உறங்கப் போட்டுவிட்டது.

பிள்ளைகள் லண்டனிலும் பாரிஸிலும் கனடாவிலும் இருக்கிற எந்த வீட்டிலும் நான் முதல் செய்வது இதுதான். ஆறுதலாக, ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

1. செற்றிங்ஸில் ஆப்ஸ் என்பதற்குள் போய் வட்ஸ்அப்பைத் தட்டுங்கள். அங்கே ஆப் பற்றரி யூசேஜ் என்று ஒரு வரி இருக்கும். உள்ளே அன்ரிஸ்ட்ரிக்ரெட், ஒப்ரிமைஸ்ட், ரிஸ்ட்ரிக்ரெட் என்று மூன்று: கட்டுப்பாடில்லை, போனே பார்த்துக்கொள்ளும், கட்டுப்பாடு. முதலாவதைத் தெரியுங்கள். புதிய பதிப்புகளில் பின்னணியில் இயங்க விடலாமா என்று ஒரு ஆளி மட்டும் தெரியும். அதை இயக்கிவிட்டு, அதன் எழுத்தைத் தட்டினால் தெரிவுகள் வரும்.

2. சாம்சுங் என்றால் இதோடு முடியாது. செற்றிங்ஸில் பற்றரிக்குள் பக்கிரவுண்ட் யூசேஜ் லிமிற்ஸ் என்று இருக்கும். அதற்குள் மூன்று பட்டியல்கள்: தூங்குபவை, ஆழ்ந்து தூங்குபவை, ஒருபோதும் தூங்காதவை. பெயரே அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். கடைசிப் பட்டியலுக்குள் வட்ஸ்அப், வைபர், வீட்டில் வேறு எதில் கதைக்கிறீர்களோ அதையும் சேருங்கள். ஆழ்ந்து தூங்கும் பட்டியலில் ஏற்கெனவே இருந்தால் முதலில் அங்கே இருந்து எடுங்கள்.

3. ரெட்மி போன்ற சில போன்களில் ஓட்டோஸ்ரார்ட் என்று தனியாக ஒன்று உண்டு. போனை அணைத்துப் போட்ட பிறகு செயலி தானாக எழும்ப அனுமதிப்பது அது. அதையும் இயக்குங்கள்.

4. டேட்டா சேவர் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ரீலோட் காசை மிச்சம் பிடிக்க அதைப் போட்டு வைப்பது வழக்கம். போட்டால் பின்னணியில் இருக்கிற செயலிகளுக்கு டேட்டா போகாது. வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்குள் இருக்கும் விதிவிலக்குப் பட்டியலில் வட்ஸ்அப்பைச் சேர்த்துவிடுங்கள்.

5. 2022இல் வந்த அண்ட்ரொயிட் 13இல் இருந்து, புதிதாகப் போடுகிற செயலி அறிவிப்புக் காட்டலாமா என்று உங்களிடம் கேட்கும். அவசரத்தில் இல்லை என்று அமத்தியிருந்தால் ஒரு சத்தமும் வராது. செயலியின் பக்கத்திலேயே நொட்டிஃபிகேஷன்ஸ் என்பதற்குள் பார்க்கலாம்.

6. இப்போது சோதனை. இதைச் செய்யாமல் போனைத் திருப்பிக் கொடுக்கவே மாட்டேன். திரையை அணைத்து, மேசையில் அசையாமல் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, வேறு ஆளை எடுக்கச் சொல்லுங்கள். செற்றிங்ஸை மூடிய கையோடு எடுத்துப் பார்த்தால் எந்தப் போனும் அடிக்கும், அது சோதனை இல்லை. நாங்கள் அந்த ஒரு மணி நேரத்தில் தேத்தண்ணி குடித்து முடித்து, முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தோம்.

மற்ற எல்லாவற்றையும் நன்றாகத் தூங்க விடலாம். விளையாட்டுகள், காணொளிகள், சாமான் விற்கிற செயலிகள், ஒரு தரம் மட்டும் பாவித்துவிட்டு மறந்தவை எல்லாம் கட்டுப்பாட்டுக்குள் போகட்டும். வங்கியில் இருந்து வரும் இரகசிய எண் சாதாரண எஸ்எம்எஸ்ஸாக வருவதென்றால் இதில் ஒன்றாலும் பாதிக்கப்படாது.

ஒரு பழக்கத்தை மட்டும் விடச் சொல்வேன். சிலர் ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் எல்லாச் செயலிகளையும் மேலே தள்ளித் தள்ளி மூடுகிறார்கள். பற்றரி மிஞ்சும் என்று நினைப்பு. திரும்ப முதலில் இருந்து திறக்கப் போனுக்குக் கூடச் செலவாகும், சில போன்களில் தள்ளிய செயலிக்குச் செய்தி வருவதும் நின்றுவிடும். ஃபோர்ஸ் ஸ்டொப் என்ற பொத்தானை அமத்தினால் கதை முடிந்தது, நீங்களாகத் திறக்கும் வரை அது எழும்பாது.

சாதாரண பற்றரி சேவரைப் பற்றிப் பயம் வேண்டாம். 20 வீதத்துக்கு வந்ததும் தானாக இயங்கும்படி வையுங்கள். உச்சச் சேமிப்பு என்று கறுத்த திரையோடு வருவது வேறு விசயம். கரண்ட் இல்லாத இரவில் விடியும்வரை போன் உயிரோடு இருக்க வேண்டும் என்றால் மட்டும் அதைத் தொடுங்கள், விடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

ஐபோன்காரருக்கு இங்கே வேலை குறைவு. செற்றிங்ஸில் பற்றரிக்குள் லோ பவர் மோட். அதைப் போட்டாலும் அழைப்பு வரும். 80 வீதம் வரை சார்ஜ் ஏறினால் அந்த மோட் தானாக அணைந்துவிடும்.

சிக்னல் தேடும் போன்

குறிகட்டுவானில் படகு ஏறி நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் கவனித்திருப்பார்கள். ஒரு மணி நேரப் பயணம்தான், போனைத் தொடவும் இல்லை, இறங்கும்போது பற்றரி எதிர்பாராத அளவு இறங்கியிருக்கும். கோபுரம் தூரமாகப் போகப் போக, போன் தன் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கூப்பிடுகிறது. சிக்னல் அடியோடு விட்டுப்போனால் திரும்பத் திரும்பத் தேடுகிறது. செலவு அங்கேதான் போகிறது. படகில் ஏறியதும் விமானப் படம் போட்ட பொத்தானை அமத்திவிடுங்கள். கமரா வழமை போல வேலை செய்யும். இறங்கியதும் எடுக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் அக்காவின் அழைப்பு எனக்கு வரும்.

தடித்த கல்வீடுகளில் உள்ளறையிலும் இதே கதைதான். போனை யன்னலோரம் வைத்தாலே வித்தியாசம் தெரியும். வீட்டில் வைஃபை இருந்தால் டேட்டாவுக்குப் பதிலாக அதைப் பாவியுங்கள்.

சூடும் சார்ஜும்

லிதியம் பற்றரிக்கு இரண்டு விசயம் பிடிக்காது: சூடு, நீண்ட நேரம் முழுதாக நிறைந்திருப்பது. தன் கருவிகளுக்கு 16 முதல் 22 பாகை செல்சியஸ் உகந்தது, 35க்கு மேல் போனால் பற்றரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று அப்பிள் சொல்கிறது. 16 முதல் 22 பாகையை யாழ்ப்பாணத்தில் எந்த மாதத்தில் தேடுவது என்று அவர்கள் சொல்லவில்லை. சித்திரை வெயிலில் மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழும், காரின் டாஷ்போட்டிலும் 35 என்பது சாதாரணம். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். சார்ஜ் போடும்போது தலையணைக்குக் கீழ் வைக்க வேண்டாம், தடித்த கவர் போட்டிருந்து சூடேறினால் கழற்றிவிடுங்கள். சார்ஜில் போட்டுக்கொண்டு விளையாடுவது இரண்டு சூட்டையும் ஒன்றாகச் சேர்ப்பது.

சாம்சுங்கின் புதிய போன்களிலும் ஐபோன் 15இல் இருந்தும் 80 வீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி உண்டு. அம்மாவின் போன் நாள் முழுக்க வீட்டிலேயே இருப்பதால் போட்டுவிட்டேன். எனக்குப் போடவில்லை, நான் வெளியே அலைகிறவன். மறுநாள் கரண்ட் நிற்பாட்டுவார்கள் என்று அறிவித்தால் அன்று இரவு மட்டும் அதை எடுத்து 100 வரை நிரப்புங்கள்.

ஐப்பசியில் இடி தொடங்கியதும் சார்ஜர், லப்டொப் அடப்டர், ரவுட்டர் எல்லாவற்றையும் பிளக்கில் இருந்து கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. சதுரப் பின், உருண்டைப் பின் இரண்டையும் வாங்கும் மலிவு மல்ரி பிளக்கில் ஆடி ஆடிப் பொறி பறந்தால் அதற்கு மேல் அதை வைத்திருக்க வேண்டாம்.

லப்டொப்பின் மூடி

பிள்ளைக்கு கம்பஸ் கிடைத்ததும் லப்டொப் வாங்குகிறோம். முதல் நாள் தெரிய வேண்டியது மூடியை மூடினால் என்ன நடக்கும் என்பது.

நான் இதைப் பட்டுப் படித்தேன். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகும்போது மூடியை மூடி, அப்படியே பையில் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டேன். வவுனியா தாண்ட மடி சுட்டது. வெள்ளவத்தையில் இறங்கித் திறந்தால் 4 வீதம். மூடியதும் அது ஸ்லீப்புக்குப் போனது உண்மை. ஆனால் இப்போது வருகிற பல லப்டொப்புகளின் ஸ்லீப் கோழித்தூக்கம் மாதிரி. மூடியிருந்தாலும் வைஃபை, அப்டேற் என்று இடைக்கிடை கண் விழிக்கும். காற்றுப் போகாத பைக்குள் விழித்தால் சூடு எங்கே போகும்?

இதற்கு மருந்து ஹைபர்னேற். ஸ்லீப்பில் உங்கள் வேலை நினைவகத்தில் இருக்கும், அதற்குக் கொஞ்சம் கரண்ட் தேவை. ஹைபர்னேற்றில் எல்லாவற்றையும் டிஸ்கில் எழுதிவிட்டு முழுதாக அணையும். திறக்கும்போது சில விநாடி கூட எடுக்கும், விட்ட இடத்தில் இருந்தே தொடங்கலாம். விண்டோஸில் செய்யும் வழி இது. ஸ்ரார்ட் பொத்தானை அமத்திக் கொன்ட்ரோல் பனல் என்று அடித்துத் திறவுங்கள். ஹார்ட்வெயார் அன்ட் சவுண்ட், பிறகு பவர் ஒப்ஷன்ஸ். இடது பக்கத்தில் மூடியை மூடினால் என்ன செய்வது என்று ஒரு வரி இருக்கும். அதைத் தட்டினால் இரண்டு நிரல் வரும்: பற்றரியில் ஓடும்போது, கரண்டில் ஓடும்போது. முதல் நிரலில் மூடிக்கு எதிரே ஹைபர்னேற் என்று மாற்றிச் சேமியுங்கள். கரண்டில் ஓடும்போது ஸ்லீப்பாகவே இருக்கட்டும், வீட்டு மேசையில் அது வசதி.

அதே பக்கத்தின் கீழே ஃபாஸ்ட் ஸ்ரார்ட்அப் என்று ஒன்று சரி போட்டு இருக்கும். அது போட்டிருக்கும்வரை ஷட்டவுன் கொடுத்தாலும் கணினி உள்ளே கொஞ்சத்தைச் சேமித்து வைத்துக்கொண்டுதான் அணைகிறது. அதனால்தான் பிரிண்டர் பிடிக்காவிட்டாலோ, சத்தம் வராவிட்டாலோ, அணைத்துப் போட்டாலும் திருந்தாது. ரீஸ்ரார்ட் கொடுங்கள், அதுதான் முழுதாகப் புதிதாய்த் தொடங்கும். போனில் என்னைக் கூப்பிட்டு "அண்ணை, எத்தினை தரம் ஓஃப் பண்ணிப் போட்டும் சரிவரேல்லை" என்கிற தம்பிமாருக்கு நான் சொல்வது இவ்வளவுதான், பாதிப் பேர் திரும்ப எடுப்பதில்லை.

மற்றவை கெதியாக. விண்டோஸ் படம் போட்ட விசையோடு ஐ எழுத்தை அமத்தினால் செற்றிங்ஸ் வரும். விண்டோஸ் 11இல் அங்கே சிஸ்டம், பிறகு பவர் அன்ட் பற்றரி. பவர் மோட்டில் மூன்று தெரிவு: சிக்கனம், நடுத்தரம், வேகம். எழுதவும் படிக்கவும் சிக்கனம் தாராளம். காணொளி வெட்டி ஒட்டும்போது வேகத்துக்கு மாற்றுங்கள். திரை அணையும் நேரமும் அங்கேதான்: பற்றரியில் 3 நிமிடம், கரண்டில் 10. எழுத்துச் சின்னனாக இருந்தால் டிஸ்பிளேக்குள் ஸ்கேல் என்பதை 125க்கு ஏற்றுங்கள். இணையப் பக்கம் மட்டும் சின்னனாக இருந்தால் கொன்ட்ரோல் விசையோடு கூட்டல் குறி, பழையபடி வரக் கொன்ட்ரோலோடு பூச்சியம்.

பழைய லப்டொப் வாங்குகிறவர்கள் விண்டோஸ் எது என்று கேட்டுப் பார்த்து வாங்குங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத இயந்திரத்துக்கு அந்த விலை கொடுக்கத் தேவையில்லை. பற்றரியையும் கடையிலேயே சோதியுங்கள். சார்ஜரைக் கழற்றி அரை மணி நேரம் காணொளி ஓட விட்டால் உண்மை தெரியும்.

கரண்ட் போனால்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நின்றது நினைவிருக்கும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டது. ஆகவே பவர் பாங்க் ஒன்று வீட்டில் இருக்கட்டும், ஆனால் அதன் மேல் எழுதிய எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

தொண்ணூறுகளில் ஊரில் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லாத காலத்தில், அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைப்பார், நான் பெடலைக் கையால் சுற்றுவேன், டைனமோவில் இருந்து ரேடியோவுக்கு வயர் போகும். பிபிசி தமிழோசை முடியும்வரை கை ஓயக் கூடாது. அந்த டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட். இப்போது அம்மாவின் போன் பற்றரி 5000 மில்லி அம்பியர் மணி, 3.85 வோல்ட். பெருக்கினால் 19 வாட் மணிக்குக் கொஞ்சம் மேல். அதை அந்த டைனமோவால் நிரப்ப, ஒரு சொட்டும் வீணாகாவிட்டாலும் ஆறரை மணி நேரம் சுற்ற வேண்டும். இந்தக் கணக்கைச் சொன்னதும் அம்மா போனைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதே கணக்கைப் பவர் பாங்க்குக்குப் போடுங்கள். 10,000 என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் கலங்களின் கணக்கு, அதாவது 37 வாட் மணி. வெளியே 5 வோல்ட்டாக மாற்றும்போதும், வயரிலும், போனுக்குள்ளும் போகிறது போக, 6000 முதல் 6500 அளவுதான் கையில் வரும். அம்மாவின் போனை ஒரு தரம் நிரப்பிக் கொஞ்சம் மிஞ்சும். இரண்டு தரம் வரும் என்று விற்கிறவர் சொன்னால் சிரித்துவிட்டு வாங்குங்கள்.

வைஃபை இருக்கிற வீட்டில் நான் அதைவிட முந்தி வாங்கச் சொல்வது ரவுட்டருக்கான குட்டி யூபிஎஸ், கரண்ட் போனாலும் தன் பற்றரியில் ரவுட்டரை ஓட வைக்கும் பெட்டி. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 12 வோல்ட், 1 அம்பியர் என்ற மாதிரி எழுதியிருக்கும். வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும், அம்பியர் கூடலாம், குறையக் கூடாது. ரவுட்டர் 8 வாட் இழுத்து, யூபிஎஸ்ஸில் 37 வாட் மணி இருந்தால் நாலு மணி நேரம் அளவுக்கு ஓடும். மேசைக் கணினிக்குப் பாவிக்கும் பெரிய யூபிஎஸ் வேறு, அது வேலையைச் சேமித்து அணைக்கிற சில நிமிடத்துக்குத்தான். பீப் சத்தம் கேட்டதும் சேமியுங்கள், படத்தைத் தொடர்ந்து பார்க்க வேண்டாம்.

பிறகு நவம்பர் வந்தது

எல்லாம் சரியாகி இரண்டு மாதம் போனது. நவம்பர் முதல் கிழமை அக்கா திரும்பவும் எடுத்தார். "டேய், பழையபடி அம்மா தூக்கிறா இல்லை."

போய்ப் பார்த்தேன். வட்ஸ்அப் தூங்காதவர்கள் பட்டியலில்தான் இருக்கிறது. டேட்டா இருக்கிறது. மேசையில் வைத்துச் சோதித்தேன், அடித்தது. தவறிய அழைப்புகளின் நேரத்தைப் பார்த்த பிறகுதான் வெளித்தது. எல்லாம் இரவு 9:30. அக்கா வேலையில் காலை 11 மணி இடைவேளையில் எடுப்பது வழக்கம். கோடையில் ரொறொன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், அப்போது இங்கே 8:30. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே மணிக்கூட்டைத் திருப்பி வைத்ததும் வித்தியாசம் பத்தரை மணி நேரமாகிறது. அதே 11 மணி இங்கே 9:30. அம்மாவின் நித்திரை கெடாமல் இருக்க, இரவு 9 மணிக்கு மேல் சத்தம் வராதபடி டூ நொட் டிஸ்டர்ப் நேர அட்டவணை போட்டது நான்தான்.

செற்றிங்ஸின் பூதக்கண்ணாடியில் டிஸ்டர்ப் என்று அடித்தால் அந்தப் பக்கம் வரும். அட்டவணையை 10:30க்குத் தள்ளினேன். அதற்குள்ளேயே ஆப்ஸ் என்ற இடத்தில் வட்ஸ்அப்பை விதிவிலக்காகச் சேர்த்தேன், அவசரத்துக்கு எந்நேரமும் அடிக்கும். ஐபோனில் இதே வேலை ஃபோகஸ் என்பதற்குள். ஆனால் விதிவிலக்குக் கொடுத்ததும் குழுக்களில் இருந்து வரும் செய்தி எல்லாமும் சத்தம் போடும். ஆகவே வட்ஸ்அப்பைத் திறந்து, கோயில் குழு, பழைய மாணவிகள் குழு, விடிய நாலு மணிக்கே பூப்படத்தோடு காலை வணக்கம் வருகிற குழு என்று ஒவ்வொன்றின் பெயரையும் தட்டி, மியூட் என்பதில் எப்போதும் என்று வைத்தேன். மொத்தம் பதினொரு குழு.

மார்ச் இரண்டாம் ஞாயிறு ரொறொன்ரோவில் மணிக்கூட்டைத் திரும்ப முன்னுக்குத் தள்ளுவார்கள். அன்றைக்கு ஒன்றும் மாற்றத் தேவையில்லை, அழைப்பு 8:30க்கே வரும். அம்மா அந்த நேரம் சாப்பாட்டு மேசையில் இருப்பார், போனை விறாந்தையில் விட்டுவிட்டு. அதற்கு செற்றிங்ஸ் இல்லை, சத்தத்தைத்தான் இரண்டு படி கூட்டி வைத்திருக்கிறேன்.